கருப்பட்டியும் இரண்டு புள்ளிகளும்: ஆறு நாள் பயணம்

முதல் நாள்: தரங்கம்பாடி

மூன்று வாரமாக ஒரே ஒரு சொல்லை வரைந்துகொண்டிருக்கிறேன். கருப்பட்டி.

உடன்குடிப் பக்கம் பனைத் தொழில் செய்யும் குடும்பம் ஒன்று, தங்கள் கருப்பட்டியை உறை போட்டு விற்க நினைக்கிறது. உறையின் மேல் இந்தச் சொல் வர வேண்டும். படம் வேண்டாம், பூ வேண்டாம், எழுத்து மட்டும் போதும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுத்து வரைவதற்காகத்தானே இந்தத் தொழிலுக்கே வந்தேன்! இதுவரை 41 வடிவம் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு அந்த அண்ணன் ஒரே பதிலைத்தான் சொல்கிறார். "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா புள்ளி ரெண்டும் தனியா நிக்குல்லா."

அவர் சொல்வது சரி. 'ப்' தலையில் ஒன்று, 'ட்' தலையில் ஒன்று. எழுத்தெல்லாம் ஒரு குடும்பமாக உட்கார்ந்திருக்க, புள்ளி இரண்டும் வாசலில் நிற்கும் விருந்தாளி மாதிரி நிற்கின்றன. பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன், சதுரமாக்கினேன், உள்ளே வெறுமையான வளையமாக்கினேன். ஒன்றும் ஒட்டவில்லை.

என் கணினியில் 'பிடித்தவை' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து சேர்த்த படங்கள். எங்கெங்கோ யார் யாரோ செய்த லோகோக்கள், புத்தக அட்டைகள், நிறச் சேர்க்கைகள். வேலை ஓடாதபோது அதைத் திறப்பேன். ஒரு மணி நேரம் போவது தெரியாது. மூடும்போது கை முன்னைவிடக் கட்டிப்போயிருக்கும். அத்தனை பேர் செய்துமுடித்ததைப் பார்த்தபிறகு நான் வைக்கும் கோடு ஒவ்வொன்றும் யாரோ வைத்த கோடாகவே தெரியும்.

உடன்குடிக்கு நேரில் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஒரே இரவில் போய்ச் சேரலாம். ஆனால் வழியில் எழுத்தும் வடிவமும் கையால் உருவான ஊர்களில் இறங்கி இறங்கிப் போகலாம் என்று தோன்றியது. ஆறு நாள். ஒரு நோட்டு, இரண்டு பென்சில், ஒரு தூரிகைப் பேனா. கணினியை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

முதல் நிறுத்தம் தரங்கம்பாடி. கடலை ஒட்டி டேனியக்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டை வெயிலில் மஞ்சளாக நிற்கிறது. நான் வந்தது கோட்டைக்காக இல்லை. 1706-ல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியாருக்காக. 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் கப்பலில் இந்த ஊருக்கு வந்தன. எழுத்து மிகவும் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. பிறகு இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையே தொடங்கினார்கள். காகிதம் போதாததால் எழுத்து சிறுத்தது என்ற இந்தச் செய்தியை எப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். ஓர் எழுத்தின் அளவை அழகு தீர்மானிக்கவில்லை, கையிருப்பு தீர்மானித்திருக்கிறது.

அச்சுக்கும் முந்திய ஒரு விஷயம் அதைவிடப் பிடிக்கும். வந்த புதிதில் அவர் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றாராம்.

சாயங்காலம் கடற்கரையில் நானும் எழுதிப் பார்த்தேன். ஈர மணலில் ஆள்காட்டி விரலால் க, ரு, ப, ப, ட, டி. கோடு போகிற வழியில் இரண்டு பக்கமும் மணல் சின்ன வரப்பாக எழும்புகிறது. பிறகு புள்ளி. விரலை எடுத்து, நேராக இறக்கி, குத்த வேண்டியிருந்தது. எழுத்துகளைவிடப் புள்ளிகள் ஆழம். ஓர் அலை வந்து போனது. எழுத்தெல்லாம் மழுங்கிவிட, புள்ளி விழுந்த இரண்டு குழியிலும் தண்ணீர் நின்றது.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தேன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் நாள்: தஞ்சாவூர்

காலையில் மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர். பெரிய கோயிலுக்குள் நுழைந்தால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். 1010-ல் கட்டி முடித்த, 200 அடியைத் தாண்டிய விமானத்தை அண்ணாந்து பார்க்காமல் இருக்கவும் முடியாது. ஆனால் இன்று நான் பெரும்பாலும் குனிந்தே இருந்தேன். எழுத்து முழுவதும் கீழேதான். விமானத்தின் அடித்தளத்தில், கல் வளைந்து திரும்பும் இடங்களிலும் விடாமல் வரி வரியாக ஓடுகிறது.

இதில் எழுதியிருப்பவை பெரும்பாலும் கணக்கு. ராஜராஜன் தான் கொடுத்தது, அக்கன் குந்தவை கொடுத்தது, தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். கோயிலில் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் என்ற ஆடல்மகளிர் 400 பேரின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை இருக்கிறது. ஒரு பட்டியலை இத்தனை நிதானத்தோடு யாராவது எழுதி நான் பார்த்ததில்லை. எனக்குப் பட்டியல் வேலை வந்தால் சின்ன எழுத்தில் அடியில் தள்ளிவிடுவேன். அவர்கள் அதற்காக மலைக்கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள்.

ஒரு வரியில் 'க' மட்டும் தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. உளி ஒரு முறை இறங்கிவிட்டால் அழிக்க முடியாது. ஆகையால் ஒவ்வோர் எழுத்தும் முன்னால் உள்ள எழுத்து எவ்வளவு இடம் விட்டதோ அதற்குள் தன்னைப் பொருத்திக்கொள்கிறது.

புள்ளி இல்லை. கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை என்று படித்திருக்கிறேன். இருந்தாலும் கண்ணால் பார்க்கும்போது வேறு. மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் எப்போதோ சொல்லிவிட்டது. எழுதிய கை அதை விட்டுவிட்டது. படிக்கிறவர் தாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

மத்தியானம் சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம். கண்ணாடிக்குப் பின்னால் ஓலைச்சுவடிகள். இங்கேயும் அதே கதை. ஓலையின் நரம்பு நீளவாக்கில் ஓடும். எழுத்தாணியால் அதே திசையில் நீண்ட கோடு இழுத்தால் ஓலை பிளக்கும்; ஓர் இடத்தில் அழுத்திக் குத்தினால் பொத்துப்போகும். நம் எழுத்துகள் இத்தனை வளைவாக இருப்பதற்கும் சுவடியில் புள்ளி இல்லாமல் போனதற்கும் இதைக் காரணமாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டியதும் புள்ளிதான். புள்ளி விட்டுப்போனதால் இரண்டும் ஒன்றாகிவிட, 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வந்து நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு போட்டுக் கொடுத்தார். இன்று கைப்பேசியில் நான் தட்டும் 'கே'யின் கொம்புக்குப் பின்னால் ஒரு கிழியும் ஓலை இருக்கிறது.

காட்சிக்கூடத்தில் ஒரு பெண் குழந்தை தன் தாத்தாவிடம், "இதுல ஏன் இடமே விடாம எழுதியிருக்காங்க?" என்று கேட்டது. "ஓலை சும்மாவா கிடைக்கும்?" என்றார் தாத்தா. வெட்டி, வேகவைத்து, காயவைத்து, தேய்த்து, துளை போட்டு ஓர் ஓலை தயாராவதற்கு ஆகும் வேலையை யோசித்தேன். எனக்கு வெற்றுப்பக்கம் ஒரு சொடுக்கில் வருகிறது. எத்தனை வேண்டுமானாலும் வருகிறது. 41 வடிவம் போட முடிந்தது அதனால்தான். எதுவும் நிலைக்காமல் போனதும் அதனால்தானோ என்னவோ.

மூன்றாம் நாள்: வழியில்

காரைக்குடிக்குப் போகிற வழி. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் பஸ் பஞ்சர். ஒன்றரை மணி நேரம் ரோட்டோரம். எழுத ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

எதிரே மூடிக்கிடந்த ஒரு சைக்கிள் கடை. அதன் பலகை கையால் எழுதியது, பெயின்ட் பாதி உதிர்ந்துவிட்டது. 'வாடகை' என்ற சொல்லில் 'ட' பெருத்து, மற்ற எழுத்துகள் அதன் தோளில் சாய்ந்த மாதிரி இருந்தன. அதற்குக் கீழே 'பஞ்சர் ஒட்டப்படும்'. ஒட்டப்படும்! நம் சொல்லில் உள்ள அதே 'ட்' அதில் இருந்தது. அந்த ஓவியர் புள்ளியைத் தலைக்கு மேலே வைக்கவில்லை. 'ட'வின் நிமிர்ந்த கோட்டுக்கும் படுத்த கோட்டுக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தில், மடியில் உட்காரவைத்திருந்தார். மேலே பலகையின் விளிம்பு இடித்ததால் அப்படிச் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். இடம் போதவில்லை, உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்.

ஃபிளெக்ஸ் வந்தபின் இந்த மாதிரிப் பலகைகள் குறைந்துகொண்டே வருகின்றன. எழுதியவர் பெயர் மூலையில் இருந்திருக்க வேண்டும். அந்த இடம் மட்டும் சரியாக உதிர்ந்துபோயிருந்தது. அதற்காக உண்மையிலேயே வருத்தப்பட்டேன்.

நோட்டில் வரைந்துகொண்டேன். பஸ் கிளம்பிவிட்டது.

நான்காம் நாள்: காரைக்குடி, ஆத்தங்குடி

விடியற்காலை ஐந்தரை மணிக்கு விளக்குமாற்றுச் சத்தத்தில் விழித்தேன். ஜன்னலைத் திறந்தால், தங்கியிருக்கும் வீட்டுக்கு எதிரே ஒரு ஆச்சி வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். இறங்கி ஓடினேன்.

"கோலம் போடறதப் பாக்கலாமா ஆச்சி?"

"இதுல பாக்க என்ன இருக்கு? நில்லு."

7 புள்ளி, 4 வரை, இடுக்குப் புள்ளி. முதலில் நடு வரிசை ஏழு. அதற்கு மேலும் கீழும் ஆறு, ஐந்து, நாலு. மொத்தம் 37 புள்ளி. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவைக் கிள்ளி, தரைக்கு நாலு விரற்கடை மேலே கையை நிறுத்தி விடுகிறார். அளவுகோல் இல்லை, கயிறு இல்லை. பிறகு சிக்கு. இழை ஒரு புள்ளியைத் தொடாமல் வளைந்து, அடுத்ததைச் சுற்றி, மூன்றாவதுக்கு இடையில் நுழைந்து போகிறது. எங்கே போகிறது என்று நான் பின்தொடர்வதற்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. ஒரு புள்ளிகூட வெளியே நிற்கவில்லை.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்ற பேராசிரியர் இருந்தார். 1970-களில் அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் கோலங்களை எடுத்துக்கொண்டு, இவற்றை எந்த விதிகளால் வரையலாம் என்று கணினி இலக்கணமாகவே எழுதினார்கள். கல்லூரியில் அதைப் படித்தபோது பெருமையாக இருந்தது. இன்று அந்த விதிகள் ஒரு கையிலிருந்து உதிர்வதைப் பார்த்தேன்.

"எந்தக் கோலம் போடறதுன்னு எப்ப முடிவு பண்ணுவீங்க ஆச்சி?"

"புள்ளி வெச்சா கை போயிரும். நிண்டு யோசிச்சா வராது."

"தினமும் போடுவீங்களா? மனசு சரியில்லாத அன்னிக்கு?"

என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "அன்னிக்கும் வாசல் இருக்குமில்ல?"

பொறி தட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் வேலை என்று நான் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பொறிக்காகத்தான் படங்கள் சேர்ப்பது, காபி போடுவது, மேசையை மூன்றாவது தடவை அடுக்குவது எல்லாம். ஆச்சிக்கு வாசல் இருக்கிறது, மாவு இருக்கிறது. ஆறு மணிக்கு முன் முடிக்க வேண்டும். எட்டு மணிக்குள் பாதிக் கோலத்தை ஸ்கூட்டர் மிதித்துவிட்டது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு ஆத்தங்குடி. செட்டிநாட்டு வீடுகளின் தரையைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பூப் பூவாக, கண்ணாடி மாதிரி மின்னும். அந்தக் கல் இந்த ஊரில் இன்றும் கையால்தான் உருவாகிறது. சுடுவதே இல்லை. ஒரு பட்டறையில் கேட்டபோது, உட்கார்ந்து பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு சதுரக் கண்ணாடியைத் துடைத்துக் கீழே வைக்கிறார் பட்டறை அண்ணன். அதன் மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தகட்டை வளைத்துச் செய்த அச்சு. சிமெண்டும் மணலும் நிறமும் கரைத்த குழம்பு தனித்தனிக் கிண்ணங்களில். கரண்டியால் மொண்டு ஒவ்வொரு கட்டத்திலும் விடுகிறார்: இதழில் சிவப்பு, நடுவில் மஞ்சள், வெளியே கருப்பு. கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளுக்குள் போய்விடும். எல்லாம் நிரம்பியதும் ஒரு கணம் நிறுத்தி, அச்சின் பிடியைப் பிடித்து நேர் மேலே தூக்குகிறார். தகடு இருந்த இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளி தெரிகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு நிறமும் நகர்ந்து வந்து அந்த இடைவெளியை மூடிக்கொள்கின்றன. அந்த ஒரு நொடிக்காக நான் பதினைந்து தடவை பார்த்திருப்பேன். அப்புறம் மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவல். ஈரத்தை அது உறிஞ்சியதும் கலவை போட்டு, மட்டம் தட்டி, ஓரமாக வைத்துவிடுகிறார். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். பிறகு கண்ணாடியிலிருந்து கல்லைப் பிரித்தால், கண்ணாடி தொட்ட முகம் அதன் வழவழப்பையே வாங்கிக்கொண்டிருக்கும்.

வரைகிற வரை அவர் வரைவதைப் பார்க்க முடியாது. பூ அடியில் இருக்கிறது, கண்ணாடிப் பக்கம் பார்த்தபடி. முதுகைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார்.

அச்சுகள் சுவரில் தொங்கின. ஒரு விஷயம் உறுத்தியது. எதிலும் ஊசி முனை மாதிரிக் கூர்மை இல்லை. இதழ் நுனிகூடச் சற்று மழுங்கியே இருந்தது.

"ஏன்ணே, நுனி கூரா வராதா?"

"வளைக்கலாம்மா. ஆனா கொழம்பு அந்த மூலைக்குள்ள போய் நிக்காது. போற எடத்துலதான் பூவு."

என் நோட்டைப் பிரித்தேன். என் கருப்பட்டியில் 'ப'வுக்கும் 'ட'வுக்கும் கத்தி மாதிரி மூலைகள். கணினியில் அப்படித்தான் வரும், சொன்ன இடத்தில் கோடு நின்றுவிடும். பாகு அப்படி நிற்குமா? கருப்பட்டியும் ஒரு குழம்பாக இருந்து இறுகியதுதானே. சாயங்காலம் முழுவதும் மூலைகளை மழுக்கினேன். 'ரு'வின் சுழியும் 'டி'யின் வளைவும் முதல் தடவையாகத் தனியாகத் தெரியாமல் மற்ற எழுத்துகளோடு சேர்ந்துகொண்டன. புள்ளி மட்டும் இன்னும் அப்படியே.

இரவு தெருவில் ஒரு பழைய வீட்டின் பெயர்ப்பலகையில் பழைய 'லை' பார்த்தேன், தும்பிக்கை தூக்கிய 'லை'. 1978-ல் வந்த அரசாணையோடு 13 எழுத்துகளின் பழைய வடிவம் அச்சிலிருந்து போய்விட்டது. தட்டச்சுக்கும் அச்சுக்கும் அது தேவைப்பட்டது என்பது புரிகிறது. ஆனாலும் அந்தத் தும்பிக்கையைப் பார்த்தால் என் பாட்டியின் கடிதங்கள் ஞாபகம் வரும். பலகையை விட்டு வர மனமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஐந்தாம் நாள்: சிவகாசி

மதுரை வழியாகச் சிவகாசி. 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை குறைந்த, காய்ந்த ஊர். மருந்து காய்வதற்கு அது தோதாக இருந்தது. தீப்பெட்டிக்கு மேல் ஒட்ட லேபிள் வேண்டும். லேபிளுக்காக அச்சகம் வந்தது. இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் பெரும்பாலும் இந்த ஊரிலிருந்து வந்ததாகவே இருக்கும்.

தோழியின் உறவினர் அச்சகத்தில் இருக்கிறார். அண்ணாச்சி என்று கூப்பிடச் சொன்னாள். அவர் மேசை இழுப்பறையில் பழைய தீப்பெட்டி லேபிள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. இரண்டு அங்குல அகலம்கூட இல்லாத தாளில் ஒரு பூனை, ஒரு தாமரை, ஒரு சாவி. "படிக்கத் தெரியாதவங்க கடையில போய், சாவி கொடுங்கம்பாங்க. அதுக்காகத்தான் படம். தப்பாப் போட்டா வேற பெட்டி போயிரும்" என்றார். இத்தனை சின்ன இடத்தில் இத்தனை தெளிவு வேண்டும் என்றால் எதையெல்லாம் விட்டிருப்பார்கள் என்று பார்த்தேன். பூனைக்கு மீசை மூன்று கோடு. அவ்வளவுதான். பூனைதான்.

அப்புறம் என் கையில் ஒரு லென்ஸைக் கொடுத்து, காயாத காலண்டர் தாள் ஒன்றின் மேல் வைக்கச் சொன்னார். முருகன் கன்னத்தின் மேல். குனிந்து பார்த்தால் முருகனைக் காணோம். புள்ளிகள்! சயான் என்ற நீலம் ஒரு சாய்வில், மஜந்தா என்ற இளஞ்சிவப்பு ஒரு சாய்வில், மஞ்சள், கருப்பு வேறு வேறு சாய்வில். ரோஜாப்பூ மாதிரி வட்ட வட்டமாகச் சேர்ந்த புள்ளிகள். தலையைத் தூக்கினால் கன்னம். எனக்குத் தெரியாத விஷயமில்லை இது. ஆனால் தெரிவதும் ஈர மையின் வாசனையோடு குனிந்து பார்ப்பதும் ஒன்றாகுமா?

போன வருஷம் ஒரு வேலையில் கருப்புப் பின்னணியில் நாலு நிறத்தைக் கொட்டிச் சின்ன வெள்ளை எழுத்து வைத்திருந்தேன். அச்சாகி வந்தபோது எழுத்தெல்லாம் அடைத்துப்போயிருந்தது. அன்றைக்கு அழுதேன். அதை அண்ணாச்சியிடம் சொன்னேன். நிறத்துக்கு ஒன்றாக உள்ள நான்கு அச்சுத் தகட்டையும் அவர் எடுத்துக் காட்டி விளக்கினார். ஒரு தகடு மயிரளவு நகர்ந்தாலும் மெல்லிய வெள்ளைக்குள் வேறு நிறம் புகுந்துவிடும். "எழுத்தை ஒரு கலர்லயே நிப்பாட்டணும்மா. அதுக்கு யாரோடயும் சேர வேண்டிய பாடு இருக்காது."

கருப்பட்டி உறைக்குப் பழுப்புத் தாள் என்று முடிவாகியிருந்தது. என் வரைபடத்தைக் காட்டினேன். வளையமாக இருந்த புள்ளியின் மேல் அவர் விரல் நின்றது.

"இந்தத் தாள் மையை இழுக்கும். வளையத்துக்குள்ள இருக்கிற ஓட்டை அடைஞ்சிரும். ஒண்ணு ஓட்டையைப் பெரிசாக்குங்க, இல்ல புள்ளியைப் புள்ளியாவே வைங்க."

புள்ளியைப் புள்ளியாகவே. அடர்ந்து, நிறைந்து, எழுத்தின் கோடு எவ்வளவு தடிமனோ அதே தடிமனில். கிளம்பும்போது அதே பழுப்புத் தாளின் வெட்டுத் துண்டுகளை ஒரு கட்டு கொடுத்தார். "இதுல வரைஞ்சு பாருங்க. வெள்ளைத்தாள் பொய் சொல்லும்."

ஆறாம் நாள்: உடன்குடி

கோவில்பட்டி, தூத்துக்குடி, திருச்செந்தூர், அப்புறம் உடன்குடி. இரவே வந்துவிட்டதால் இருட்டோடு எழுப்பிவிட்டார்கள். அண்ணன் பனை ஏறி இறங்கிவிட்டார். இடுப்புக் கலயத்திலிருந்து பதநீரை ஊற்றினார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்கிறது. இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும்.

விறகடுப்பில் பெரிய பாத்திரத்தில் பதநீர் காய்கிறது. அக்கா விடாமல் கிளறுகிறார். நுரை பொங்கி அடங்கி, வெள்ளை பொன்னிறமாகி, பொன்னிறம் செம்மையாகி, கடைசியில் கொதிக்கும் சத்தமே மாறுகிறது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்து, "பதம் வந்துட்டு" என்றார். வரிசையாக அடுக்கிய தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றினார்கள். ஒவ்வொரு சிரட்டையும் கருத்த, மின்னும் வட்டமாக நிறைந்தது. மேலே நின்று பார்த்தால், மணலின் மேல் புள்ளி வைத்த மாதிரி.

உடனே எனக்கு ஆசை வந்தது. முதல் புள்ளியைச் சொட்டாகவும் இரண்டாவதைச் சிரட்டைக் கருப்பட்டியாகவும் வரைந்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்கிறவர் சொல்லை விட்டுவிட்டு என் சாமர்த்தியத்தைத்தான் படிப்பார். படம் வேண்டாம் என்று முதல் நாளே சொன்னவர்களிடம் எழுத்துக்குள் படத்தை ஒளித்து நீட்டுவது நியாயமாகப் படவில்லை. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

களத்து ஓரத்தில் வெட்டிய பனை ஓலைகள் கிடந்தன. கருப்பட்டி கட்டும் பெட்டி முடைய வைத்திருக்கிறார்கள். ஒன்றைக் கிழித்து ஆணியால் 'ப்' எழுதிப் பார்த்தேன். வளைவு வழுக்கிக்கொண்டு போனது. புள்ளி வைத்தேன். பொத்துக்கொண்டது. தஞ்சாவூரில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த அதே ஓலை. நான் உறை செய்ய வந்திருக்கும் பொருளும் அதே மரத்திலிருந்துதான் வருகிறது. மூன்று வாரமாக அந்தச் சொல்லோடு உட்கார்ந்திருந்தும் இது எனக்குத் தோன்றவே இல்லை.

பழுப்புத் தாளை எடுத்தேன். தூரிகைப் பேனா. மழுங்கிய மூலைகளோடு 'ப' வரைந்தேன். 'ப' மேலே திறந்த பாத்திரம். அந்த வாய்க்கு மேலே தூரத்தில் வைக்காமல், பாதி உள்ளே இறங்குகிற மாதிரிப் புள்ளியை வைத்தேன். 'ட'வுக்குப் புதுக்கோட்டைச் சைக்கிள் கடைப் பலகையில் அந்த ஓவியர் செய்தது. மடியில். இரண்டு புள்ளியும் கோட்டின் தடிமனிலேயே, நிறைவாக. தாள் மையை இழுத்துக் கொஞ்சம் ஊதவைத்தது. ஊதியது நன்றாகவே இருந்தது.

ஒரே பயம்தான். மேலே இருக்க வேண்டிய புள்ளியைக் கீழே இறக்கினால் படிக்க வருமா? அண்ணனிடம் நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மகளைக் கூப்பிட்டார். மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள், கோடை விடுமுறை.

"இது என்னன்னு வாசி."

அவள் தாளை வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தாள். விரலை முதல் எழுத்தில் வைத்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"க... ரு... ப்..."

விரல் புள்ளியின் மேல் ஒரு நொடி நின்றது.

"கருப்பட்டி" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு, இறுகிய சிரட்டையைத் தட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, "எனக்கொரு துண்டு தாம்மா" என்று ஓடினாள்.